கருவியும் ஆசிரியரின் நேரமும்: வளம் குறைந்த பள்ளிகளில் எண்ணிமத் தொழில்நுட்பம் குறித்த ஒரு திறனாய்வு

முன்னுரை

வளம் குறைந்த பள்ளிகளில் எண்ணிமத் தொழில்நுட்பத்தைக் கற்றல் கற்பித்தலோடு இணைப்பது குறித்துத் தமிழில் வெளிவரும் ஆய்வுக் கட்டுரைகள் பெரும்பாலும் ஒரே தடத்தில் செல்கின்றன. தொழில்நுட்பத்தின் நன்மைகள் முதலில் இடம்பெறும். மின்சாரம், இணையம், கருவி ஆகியவற்றின் பற்றாக்குறை அடுத்து வரும். ஆசிரியர்களுக்குப் பயிற்சி அளிக்க வேண்டும் என்னும் பரிந்துரையோடு கட்டுரை நிறைவுறும். கல்வியியல் பட்டங்களுக்கான ஆய்வேடுகளிலோ ஆசிரியர்களின் மனப்பாங்கு அளக்கப்படுகிறது. பாலினம், வாழிடம், பணி அனுபவம் ஆகியவற்றின் அடிப்படையில் அம்மனப்பாங்கில் பொருளுடைய வேறுபாடு உண்டா என்பது கணக்கிடப்படுகிறது. மனப்பாங்கு அனேகமாக நேர்மறையாகவே அமைகிறது. கருவி வேண்டாம் என்று வினாநிரலில் குறிக்கும் ஆசிரியரைக் காண்பது அரிது. ஆனால் அக்கருவி வகுப்பறைக்குள் வந்தபின் என்ன நிகழ்ந்தது என்னும் வினா எழுப்பப்படாமலேயே முடிவுரை வந்துவிடுகிறது.

இக்கட்டுரை 'வளம்' என்னும் சொல்லையே சிக்கலாக எடுத்துக்கொள்கிறது. வளம் குறைந்த பள்ளி என்றவுடன் கட்டடம், கணினி, இணைய இணைப்பு ஆகியனவே எண்ணப்படுகின்றன. குறை கருவியாக எண்ணப்படுமாயின் தீர்வும் கருவியாகவே அமையும். அப்பள்ளிகளில் மிக அருகிய வளம், ஆசிரியர் ஒரு குழந்தையோடு செலவிடக்கூடிய நேரமே என்பது இக்கட்டுரையின் கருத்து. எந்தத் தொழில்நுட்பமும் அந்நேரத்தைக் கூட்டுகிறதா, குறைக்கிறதா, அதன் இடத்தைத் தான் எடுத்துக்கொள்கிறதா என்பதைக் கொண்டே மதிப்பிடத்தக்கது. தமிழகத்தின் அரசுத் தொடக்கப் பள்ளிகள் இதற்கு முதன்மைக் களமாகின்றன. பிற மாநிலங்களிலும் நாடுகளிலும் நிகழ்ந்த கள ஆய்வுகள் ஒப்பீட்டிற்குப் பயன்படுத்தப்படுகின்றன.

ஈராசிரியர் பள்ளியின் கணக்கு

கட்டாயக் கல்வி உரிமைச் சட்டம் (2009) அதன் அட்டவணையில், 60 மாணவர் வரையுள்ள தொடக்கப் பள்ளிக்கு இரண்டு ஆசிரியர்களை விதிக்கிறது. ஒன்று முதல் ஐந்து வரையிலான வகுப்புகளுக்கு ஆண்டிற்கு 200 வேலைநாள்களையும் 800 கற்பித்தல் மணிகளையும் குறைந்த அளவாக வரையறுக்கிறது. நாளொன்றுக்கு நான்கு மணி நேரம் என்று கொள்வோம். இரண்டு ஆசிரியர்களின் நேரம் சேர்ந்து எட்டு மணி. வகுப்புகளோ ஐந்து. சமமாகப் பகிர்ந்தால் ஒரு வகுப்பிற்குக் கிடைப்பது ஒரு மணி 36 நிமிடம். மீதமுள்ள இரண்டு மணி 24 நிமிடம் அவ்வகுப்பு ஆசிரியரின் முகம் தன்பக்கம் திரும்பாத நிலையிலேயே அமர்ந்திருக்கிறது. ஓர் ஆசிரியர் பயிற்சிக்கோ கூட்டத்திற்கோ சென்றுவிட்டால் இக்கணக்கு பாதியாகிவிடும். சட்டம் முழுமையாக நிறைவேற்றப்பட்ட பள்ளியின் நிலை இது; சட்டம் மீறப்பட்ட பள்ளியின் நிலையன்று.

இக்கணக்கை நம் கல்வித் திட்டங்கள் முற்றிலும் அறியாதவை அல்ல. 1987இல் நடுவண் அரசு தொடங்கிய கரும்பலகைத் திட்டம், வகுப்பறைகளையும் கற்பித்தல் துணைக்கருவிகளையும் வழங்கியதோடு ஒவ்வொரு தொடக்கப் பள்ளியிலும் குறைந்தது இரண்டு ஆசிரியர்கள் இருக்க வேண்டும் என்பதையும் தன் கூறுகளுள் ஒன்றாகக் கொண்டிருந்தது. ஆசிரியரும் கரும்பலகையும் ஒரே பட்டியலில் இடம்பெற்றிருந்தனர். பின்வந்த எண்ணிமத் திட்டங்களின் பட்டியல்களில் கருவிகள் மட்டுமே எஞ்சின.

தமிழகத்தில் 2003இல் சென்னை மாநகராட்சிப் பள்ளிகளில் தொடங்கி, 2007–08இல் மாநிலம் முழுவதும் விரிவாக்கப்பட்ட செயல்வழிக் கற்றல் முறையை இங்குத் தனித்து நோக்க வேண்டும். ஆந்திரத்தின் ரிஷிவேலியில் உருவான பல்வகுப்புக் கற்பித்தல் முறையிலிருந்து அது கிளைத்தது. கற்றல் ஏணியில் தான் எந்தப் படியில் இருக்கிறோம், அடுத்து எந்த அட்டையை எடுக்க வேண்டும் என்பதைக் குழந்தையே அறிந்துகொள்ளும். ஒரு குழு தானே கற்கும்போது மற்றொரு குழுவோடு ஆசிரியர் தரையில் அமரலாம். மின்சாரம் தேவையற்ற, அச்சிட்ட அட்டைகளால் ஆன இம்முறையைத் தொழில்நுட்பம் என்று எவரும் அழைப்பதில்லை. எனினும், ஆசிரியரின் நேரத்தை எவ்வாறு பகிர்வது என்னும் வினாவுக்கு அது ஒரு விடையாக இருந்தது. அட்டைகள் நைந்துபோதல், நிரப்ப வேண்டிய பதிவுகளின் பெருக்கம் முதலிய குறைகள் அதற்கும் உண்டு. ஆனால் பின்வந்த எண்ணிமக் கருவிகளுள் பல, அவ்வினாவை எழுப்பாமலேயே வகுப்பறைக்குள் நுழைந்தவை என்பதே இங்குக் கருதத்தக்கது.

பாடநூலில் பதிந்த குறியீடு

2018–19 கல்வியாண்டில் 1, 6, 9, 11 ஆகிய வகுப்புகளுக்கு வெளிவந்த தமிழகப் புதிய பாடநூல்களில் விரைவுக் குறியீடுகள் அச்சிடப்பட்டன. 'தீக்ஷா' செயலியின் வழியே அக்குறியீட்டை வருடினால் பாடம் தொடர்பான காணொலியும் பிற உள்ளடக்கமும் திறக்கும். அச்சுநூலின் வழியே எண்ணிம உள்ளடக்கத்தை எல்லாக் குழந்தைகளின் கைகளிலும் சேர்த்த இம்முயற்சி சிக்கனமானது, கூர்மையானது. அதன் தொழில்நுட்ப வடிவமைப்பில் குறைகூற அதிகமில்லை.

குறை வேறிடத்தில் உள்ளது. குறியீட்டைப் பயன்படுத்தும் முறையை விளக்கும் குறிப்பு, படிக்கும் மாணவரைத் திறன்பேசி உடையவராகவே முன்னிலைப்படுத்துகிறது. ஏசர் எனப்படும் ஆண்டுக் கல்வி நிலை அறிக்கையின்படி, நாட்டின் ஊரகப் பகுதிகளில் பள்ளி செல்லும் குழந்தைகளுள் திறன்பேசி உள்ள வீட்டைச் சேர்ந்தோர் 2018இல் 36.5 விழுக்காடு; 2021இல் 67.6 விழுக்காடு. ஆனால் 2021இல் வீட்டில் திறன்பேசி இருந்தும் அதைப் பயன்படுத்த இயலாத குழந்தைகள் 26.1 விழுக்காட்டினர். வீட்டில் ஒரு பேசி இருப்பதும் குழந்தையிடம் ஒரு பேசி இருப்பதும் வேறு வேறு. தந்தையோ தாயோ வேலைக்குச் செல்லும்போது அப்பேசியும் உடன் சென்றுவிடுகிறது.

கருவி கைக்கு வந்துவிட்டது என்றே கொள்வோம். அப்போதும் இரண்டாவது தடை ஒன்று உண்டு. ஆய்வாளர்கள் அதிகம் பேசாதது அதுதான். குறியீடு பாடத்தோடு பிணைக்கப்பட்டுள்ளது. குழந்தையின் கற்றல் நிலையோடு பிணைக்கப்படவில்லை. நான்காம் வகுப்பில் அமர்ந்து இரண்டாம் வகுப்புப் பாடத்தையும் எழுத்துக்கூட்டிப் படிக்கும் குழந்தைக்கு நான்காம் வகுப்புக் காணொலி, அதே நூலை வேறொருவர் படிக்கக் கேட்பதாகவே அமையும். படம் அசையும், குரல் இனிமையாக இருக்கும். குழந்தை நிற்கும் இடம் மாறாது. கல்வித்துறைக்கு இவ்வுண்மை தெரியும். 2022இல் தொடங்கப்பட்ட 'எண்ணும் எழுத்தும்' திட்டம் குழந்தைகளை அரும்பு, மொட்டு, மலர் எனக் கற்றல் நிலைவாரியாகப் பகுத்ததே அதற்குச் சான்று. நிலைவாரிப் பகுப்பை ஏற்ற அதே துறையின் காணொலிகள் வகுப்புவாரியாகவே அமைந்திருப்பது முரண். மொட்டு நிலைக் குழுவோடு ஆசிரியர் இருக்கும்போது அரும்பு நிலைக் குழு தானே கேட்டு, சொல்லி, எழுதிப் பழகத்தக்க ஒலிப்பதிவுகள் இருந்தால் அவை ஆசிரியரின் நேரத்தை உண்மையிலேயே கூட்டும்.

2019 ஆகஸ்டு 26 அன்று தொடங்கப்பட்ட கல்வித் தொலைக்காட்சியைப் பற்றியும் இதையே கூறலாம். அது ஒருவழி ஊடகம். 1975–76இல் ஆறு மாநிலங்களின் 2,400 சிற்றூர்களுக்குச் செயற்கைக்கோள் வழியே நிகழ்ச்சிகளை வழங்கிய 'சைட்' சோதனை முதற்கொண்டு, ஒளிபரப்பின் வலிமையும் எல்லையும் நமக்குப் புதியன அல்ல.

விலையில்லா மடிக்கணினித் திட்டத்தை (2011) இவ்வரிசையில் சேர்த்து, அது கற்றல் அடைவை உயர்த்தவில்லை என்று குறைகூறுவோர் உண்டு. அது முறையன்று. அம்மடிக்கணினி மாணவரின் உடைமையாக, பள்ளிக்கு அப்பாலும் உடன்செல்லும் பொருளாக வழங்கப்பட்டது. வகுப்பறைப் பாடத்திற்கான கருவியாக அன்று. அதை வேறு அளவுகோலால்தான் அளக்க வேண்டும்.

குஜராத், தில்லி, பெரு

ஆசிரியரின் நேரம் என்னும் அளவுகோலை வைத்து நோக்கினால், ஒன்றுக்கொன்று முரணாகத் தோன்றும் கள ஆய்வு முடிவுகள் ஓர் ஒழுங்கிற்கு வருகின்றன. குஜராத்தில் ஞான் ஷாலா என்னும் தொண்டு நிறுவனத்தின் பள்ளிகளில் லெய் லிண்டன் நடத்திய ஆய்வு இவ்வகையில் மிக முக்கியமானது. ஒரே கணிதப் பயிற்சி மென்பொருள் இரு முறைகளில் வழங்கப்பட்டது. பள்ளி நேரத்தில், ஆசிரியரின் பாடவேளைக்கு மாற்றாக வழங்கப்பட்டபோது மாணவரின் கணித அடைவு 0.57 திட்ட விலக்க அளவு சரிந்தது. பள்ளி நேரத்திற்கு வெளியே, பாடவேளைக்குக் கூடுதலாக வழங்கப்பட்டபோது 0.28 அளவு உயர்ந்தது. மென்பொருள் ஒன்று, குழந்தைகள் ஒரே வகையினர், விளைவுகளோ எதிரெதிர். 'கணினி பயன்தருமா?' என்னும் வினாவே பொருளற்றது என்பதற்கு இதைவிடத் தெளிவான சான்று வேண்டியதில்லை.

வதோதரா நகராட்சிப் பள்ளிகளில் அபிஜித் பானர்ஜி, ஷான் கோல், எஸ்தர் டுஃப்லோ, லிண்டன் ஆகியோர் ஆய்ந்து 2007இல் வெளியிட்ட முடிவுகள் சற்றுச் சிக்கலானவை. வாரத்திற்கு இரண்டு மணி நேரம், கணினிக்கு இருவராக அமர்ந்து கணித விளையாட்டுகளில் ஈடுபட்ட நான்காம் வகுப்புக் குழந்தைகளின் அடைவு 0.47 அளவு உயர்ந்தது. அவ்விரண்டு மணியுள் ஒன்று வகுப்பு நேரத்திலிருந்தே எடுக்கப்பட்டது. எனின், ஞான் ஷாலாவில் நேர்ந்த இழப்பு இங்கு ஏன் நேரவில்லை? ஞான் ஷாலாவின் பாடவேளை மிகக் கட்டுக்கோப்பானது. அதை இழந்தால் இழப்பு பெரிது. நகராட்சிப் பள்ளியின் பாடவேளை அவ்வளவு செறிவுடையதன்று என்று கொள்ள இடமுண்டு. அத்துடன், கணினிகளோடு அவற்றைக் கையாள வழிகாட்டும் பயிற்றுநர்களும் அங்கு அமர்த்தப்பட்டனர். திட்டம் முடிந்து ஓராண்டிற்குப் பின் அந்த உயர்வு ஏறத்தாழ 0.10 ஆகத் தேய்ந்தது என்பதையும் சேர்த்தே சொல்ல வேண்டும். அதே ஆய்வின் மற்றொரு பகுதி நம் கட்டுரைகளில் மேற்கோளாவதே இல்லை. உள்ளூர் இளம்பெண்களைப் 'பால்சகி' என்னும் பெயரில் அமர்த்தி, பின்தங்கிய குழந்தைகளுக்கு எழுத்தும் எண்ணும் கற்பித்ததால், அப்பள்ளிகளின் சராசரி அடைவு 0.28 உயர்ந்தது. அவ்வுயர்வின் பெரும்பகுதி கடைநிலைக் குழந்தைகளுடையது.

தில்லியில் கார்த்திக் முரளிதரன், அபிஜீத் சிங், அலெஹாந்த்ரோ கனிமியன் ஆகியோர் ஆய்ந்து 2019இல் வெளியிட்ட 'மைண்ட்ஸ்பார்க்' மையங்கள் தொழில்நுட்ப ஆதரவாளர்கள் அடிக்கடி எடுத்துக்காட்டுவன. நாலரை மாதத்தில் கணிதத்தில் 0.37, இந்தியில் 0.23 என்னும் உயர்வு பெரிதே. ஆனால் அம்மையங்களின் அமைப்பைக் கவனிக்க வேண்டும். அவை பள்ளி நேரத்திற்கு வெளியே இயங்கின. ஒன்றரை மணி நேர அமர்வில் பாதி மென்பொருளோடும், மறுபாதி ஒரு பயிற்றுநர் வழிநடத்தும் சிறு குழுவிலும் கழிந்தன. ஆறாம் வகுப்பு மாணவர் கணிதத்தில் சராசரியாக இரண்டரை வகுப்பு பின்தங்கியிருப்பதை மென்பொருள் கண்டறிந்து, அவர் நிற்கும் இடத்திலிருந்தே வினாக்களை வழங்கியது. பாடநூற் குறியீட்டால் இயலாதது இதுவே.

பெரு நாட்டில் 'குழந்தைக்கு ஒரு மடிக்கணினி' திட்டத்தின் கீழ், ஊரகப் பள்ளிகளில் மாணவருக்கான கணினி விகிதம் 0.12இலிருந்து 1.18ஆக உயர்த்தப்பட்டது. முந்நூறுக்கும் மேற்பட்ட பள்ளிகளில் நிகழ்ந்த மதிப்பீட்டில், 15 மாதங்களுக்குப் பின் கணிதத்திலோ மொழியிலோ உயர்வு எதுவும் காணப்படவில்லை. பொதுவான அறிதிறனில் சிறிது ஏற்றம் தென்பட்டது. கருவிப் பற்றாக்குறை அங்கு முற்றிலும் நீங்கிவிட்டது என்பதை நினைவிற்கொள்ள வேண்டும்.

கென்டாரோ டோயாமா தம் 'கீக் ஹெரெசி' (2015) நூலில், தொழில்நுட்பம் ஏற்கெனவே உள்ள ஆற்றலைப் பெருக்குவது மட்டுமே என்று வாதிடுகிறார். வளமான பள்ளியில் வளம் பெருகும். வளமற்ற இடத்தில் பெருக்க ஒன்றுமில்லை. ஏற்கத்தக்க கருத்தே எனினும் அது போதாது. ஞான் ஷாலாவில் ஆற்றல் இருந்தது. தொழில்நுட்பம் அதைப் பெருக்கவில்லை, அதன் நேரத்தைப் பறித்து அதைக் கழித்தது. பெருக்கல் மட்டுமன்றிக் கழித்தலும் நிகழும் என்பதை டோயாமாவின் கோட்பாட்டில் சேர்த்துக்கொள்ள வேண்டும்.

மாலை வகுப்புகள் காட்டியது

பெருந்தொற்றால் மூடப்பட்ட தமிழகப் பள்ளிகளில் ஒன்று முதல் எட்டு வரையிலான வகுப்புகள் 2021 நவம்பர் 1 அன்றுதான் திறந்தன. இடைப்பட்ட ஒன்றரை ஆண்டிற்கும் மேலான காலத்தில் ஒளிபரப்பும் காணொலியும் பாடநூற் குறியீடும் ஆசிரியரின் துணையின்றித் தனித்து நின்றன. ஏறத்தாழ 19,000 தமிழகக் குழந்தைகளை நேரில் சோதித்த சிங், ரொமேரோ, முரளிதரன் ஆகியோரின் ஆய்வு, 2021 டிசம்பரில், 2019இல் அதே சிற்றூர்களில் இருந்த ஒத்த வயதினரோடு ஒப்பிடுகையில், கணிதத்தில் 0.7, தமிழில் 0.34 என்னும் அளவு பின்னடைவைக் கண்டது. பள்ளி திறந்த ஆறு மாதங்களுக்குள் அதில் மூன்றில் இரு பங்கு மீட்கப்பட்டது. அம்மீட்பில் 24 விழுக்காடு 'இல்லம் தேடிக் கல்வி' மாலை வகுப்புகளால் விளைந்தது என்று அவ்வாய்வு மதிப்பிடுகிறது.

இல்லம் தேடிக் கல்வியின் மையக் கருவி, அவ்வூரைச் சேர்ந்த ஒரு தன்னார்வலர். பெரும்பாலும் பெண்; பெறும் தொகை மாதம் ஆயிரம் ரூபாய். திண்ணையிலும் பள்ளி வளாகத்திலும் மாலையில் ஒன்றிரண்டு மணி நேரம் கற்பித்தவர். வதோதராவின் பால்சகியும் இவரும் ஒரே வகையினர். தொழில்நுட்பம் இத்திட்டத்தில் இல்லாமல் இல்லை. தன்னார்வலர்கள் இணையவழியே பதிவு செய்தனர். அதாவது, இங்கு எண்ணிமக் கருவி மனிதரைத் தேடிக் கண்டடையப் பயன்பட்டது. மனிதரின் இடத்தை அது எடுத்துக்கொள்ளவில்லை. 'ஒருங்கிணைப்பு' என்னும் சொல்லுக்கு நம் ஆய்வேடுகளில் இவ்வெடுத்துக்காட்டு ஏன் இடம்பெறுவதில்லை? திரையில்லாத இடத்தில் தொழில்நுட்பத்தைக் காண நம் ஆய்வுக் கண் பழகவில்லை என்றே தோன்றுகிறது. ஆயிரம் ரூபாய்க்கு ஓர் இளம்பெண்ணின் மாலைப்பொழுதைப் பெறுவது அறமா என்பது தனி வினா. அது கேட்கப்பட வேண்டிய வினாவும்கூட.

பறிபோகும் நிமிடங்கள்

ஆசிரியரின் நேரத்தைக் குறைக்கும் எண்ணிமத் தொழில்நுட்பமும் அதே பள்ளியில்தான் இயங்குகிறது. எமிஸ் எனப்படும் கல்வி மேலாண்மைத் தகவல் முறைமை, வருகைப் பதிவு, நலத்திட்டப் பொருள்களின் விவரம், மதிப்பீட்டு மதிப்பெண் ஆகியவற்றை ஆசிரியரின் பேசி வழியே பெறுகிறது. இணையவழி மதிப்பீடுகளும் பதிவேற்றங்களும் கற்பித்தலைப் பாதிக்கின்றன என்று ஆசிரியர் சங்கங்கள் தொடர்ந்து முறையிட்டுள்ளன. நிர்வாகத்திற்குத் தரவு தேவை. இடைநின்ற குழந்தையைக் கண்டறிய அது உதவும். ஆனால் அதன் விலை கற்பித்தல் நேரத்தில் கணக்கிடப்படுவதில்லை. எடுத்துக்காட்டாக, நாளொன்றுக்கு 20 நிமிடம் இதற்குச் செல்கிறது என்று வைத்துக்கொண்டால், 200 நாள்களில் 66 மணி 40 நிமிடம் ஆகிறது. சட்டம் விதித்த 800 மணியில் அது பன்னிரண்டில் ஒரு பங்கு. ஈராசிரியர் பள்ளியில் அப்பங்கை ஈடுசெய்ய வேறொருவர் இல்லை. கற்பித்தலுக்கான கருவியை ஓர் ஆய்வுத் தலைப்பாகவும், நிர்வாகத்திற்கான செயலியை ஆய்வுக்கு வெளியே உள்ளதாகவும் கருதும் நம் வழக்கத்தால் இக்கணக்கு எங்கும் பதிவாவதில்லை. ஆசிரியருக்கோ இரண்டும் ஒரே பேசியில், ஒரே பாடவேளையில் வருகின்றன.

லாரி கியூபன் 1986இல் எழுதிய 'டீச்சர்ஸ் அண்ட் மெஷின்ஸ்' நூலில், அமெரிக்க வகுப்பறைகளுக்குத் திரைப்படமும் வானொலியும் தொலைக்காட்சியும் வந்த கதைகளை ஒப்பிட்டு ஒரு சுழற்சியைக் காட்டினார்: முதலில் பெருநம்பிக்கை, அடுத்து ஆய்வுகள், பின் ஏமாற்றம், இறுதியில் ஆசிரியர் மீது பழி. நம் கட்டுரைகளின் இறுதிப் பத்தியில் தவறாமல் இடம்பெறும் 'ஆசிரியருக்குப் பயிற்சி தேவை' என்னும் பரிந்துரை அப்பழியின் மரியாதையான வடிவமே எனலாம். பயிற்சிக்குச் செல்லும் நாளில் அவர் பள்ளியில் இரார் என்பதை அப்பரிந்துரை கணக்கில் கொள்வதில்லை.

ஒரு மறுப்பும் ஆய்வுக்கான களமும்

ஆசிரியரே இல்லாத பாடத்தில் கருவி அவருக்கு மாற்றாவதில் என்ன தவறு என்னும் மறுப்பு வலுவானது. மெக்சிகோவின் 'தெலெசெகுந்தாரியா' 1968 முதல், பாடவாரி ஆசிரியர்கள் செல்ல மறுத்த ஊரகங்களில் தொலைக்காட்சிப் பாடங்களால் இடைநிலைக் கல்வியை வழங்கிவருகிறது. அறிவியலுக்கோ ஆங்கிலத்திற்கோ ஆசிரியர் அமர்த்தப்படாத தமிழகப் பள்ளிக்கு அது பொருந்தக்கூடிய முன்மாதிரி. ஆனால் அங்கும் ஒவ்வொரு வகுப்பிற்கும் எல்லாப் பாடங்களையும் வழிநடத்தும் ஆசிரியர் ஒருவர் உண்டு. திரை அணைந்தபின் எஞ்சும் பாடவேளை அவருடையது. மேலும், இடைநிலை மாணவருக்குப் படிக்கத் தெரியும். எழுத்தறியும் பருவத்தில் உள்ள ஏழு வயதுக் குழந்தைக்கு அம்முன்மாதிரியை நீட்டிக்க இயலாது.

இக்கருத்துகள் உறுதிப்பட வேண்டுமாயின் தேவைப்படுவது மனப்பாங்கு வினாநிரல் அன்று. வகுப்பறை நேரப் பதிவு. ஜேன் ஸ்டாலிங்ஸ் உருவாக்கிய வகுப்பறை உற்றுநோக்கல் முறை, குறித்த இடைவெளிகளில் ஆசிரியர் என்ன செய்கிறார், எந்த மாணவரோடு செய்கிறார், கையில் என்ன பொருள் உள்ளது என்பவற்றைப் பதிகிறது. அதை ஈராசிரியர் பள்ளிக்கேற்பத் தமிழில் தழுவி அமைப்பது ஒரு முனைவர் பட்ட ஆய்வுக்குப் போதிய பணி. அதில் மூன்று நெடுவரிசைகளைச் சேர்க்க வேண்டியிருக்கும். திரை இயங்கும்போது ஆசிரியர் எங்கு இருக்கிறார்? அவர் பேசியில் இருந்தால் அது பாடத்திற்கா, பதிவேற்றத்திற்கா? அரும்பு நிலைக் குழந்தையின் அருகில் அவர் எத்தனை நிமிடம் அமர்ந்தார்? ஒரு பள்ளியில் ஒரு வாரம் அமர்ந்தாலே முதல் விடைகள் கிடைத்துவிடும். அதற்கு முதலில் வேண்டியது, வினாநிரலை அஞ்சலில் அனுப்பாமல் வகுப்பறையின் பின்வரிசையில் அமர்வதற்கான தலைமையாசிரியரின் இசைவு.